செம்புக் காட்டுப் பங்குதாரர்கள்

1. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த திங்கட்கிழமை

அவசரப் பொதுக்கூட்டத்துக்கான நோட்டீஸ் பங்குதாரர்களின் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த திங்கட்கிழமை, நான் ஆபிஸ் கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் எடுத்தேன்.

“எலிசபெத் அக்காவா? மகேஸ் பேசுறேன். என்னக்கா இது, காட்ட விக்கப் போறாங்களாமே? இத்தன வருஷமா பொறு பொறுன்னு சொன்னது இதுக்குத்தானா?”

“மகேஸ், நோட்டீஸ முழுசாப் படிச்சியா? விக்கச் சொல்றது கம்பெனி இல்ல. ஒரு பங்குதாரர் கேக்குறாரு. அதுக்கு ஓட்டெடுப்பு இருக்கு.”

“இங்கிலீஷ்ல எழுதுனா நான் எங்க படிக்கிறது? நீங்களே சொல்லுங்க. விக்கவா, வேணாமா?”

“அத நான் சொல்லக்கூடாது.”

“அதுவும் சொல்லக்கூடாதுன்னா அப்புறம் எதுக்குலா அங்க உக்காந்திருக்கீங்க?”

போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு அடுத்த போன் அடித்தது. அன்று மதியச் சாப்பாட்டை நான் திறக்கவே இல்லை.

எதற்கு அங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், ஈப்போ நகரின் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபிஸ். கடல் தாண்டிய சபா மாநிலத்தின் உட்காட்டில் செம்பு தேடுவதற்கான லைசென்ஸ் எங்கள் கம்பெனியிடம் இருந்தது. தேடுவதுதான் வேலை, சுரங்கம் கிடையாது. மலையில் குழி போட்டு, உள்ளேயிருக்கும் கல்லை நீளத் தண்டாக வெளியே எடுத்து, அதில் செம்பு எவ்வளவு என்று லேபுக்கு அனுப்பிப் பார்ப்போம். அந்தக் கல்தண்டை கோர் என்போம். பெரும்பாலான குழிகளில் ஒன்றும் இருக்காது. கம்பெனிக்கு வருமானம் என்று ஒரு காசு கிடையாது. பங்குதாரர்கள் போட்ட பணத்தில்தான் குழி போடும் ரிக் ஓடியது.

பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி. அதனால் பிடிக்கவில்லை என்றால் மறுநாளே விற்றுவிட்டுப் போகவும் முடியாது. வாங்க ஆள் தேட வேண்டும். ஆகவே எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருப்பவர்களின் போனை எடுப்பது என் வேலை.

அவர்களில் பாதிப் பேர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்கள். கோப்பேங் பக்கத்தில் நாங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோது, கிடைத்த இழப்பீட்டில் ஒரு பகுதியைச் சிலர் இந்தக் கம்பெனியில் போட்டார்கள். கம்பெனியைத் தொடங்கிய ஞானராஜ் சார் ஜியாலஜிஸ்ட். அதே தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவரின் மகன். டிரெஸ்ஸர் மகன் நம்மை ஏமாற்ற மாட்டான் என்பதைத் தவிர அவர்கள் வேறு எந்த அறிக்கையையும் படிக்கவில்லை.

மகேஸ்வரியும் அந்தத் தோட்டத்துப் பெண்தான். என்னைவிட இளையவள். சிம்பாங் பூலாயில் கல்குவாரி ஆட்களுக்குச் சோறு போடும் கேன்டீன் வைத்திருந்தாள். வாரம் தவறாமல் போன் செய்வாள். எனக்கு வந்த திட்டுகளில் பெரும்பகுதி அவளுடையது.

2. காலிக் குழியும் போனும்

நான் சேர்ந்த வருடமே ஒரு குழி காலியாகப் போனது. ஞானராஜ் சார் காட்டிலிருந்து சாட்டிலைட் போனில் கூப்பிட்டார்.

“எலிசபெத், ஒண்ணும் இல்ல. இன்னிக்கே எல்லாருக்கும் சொல்லிருங்க.”

“அடுத்த குழி ரிசல்ட்டும் வரட்டுமே சார். ரெண்டையும் சேத்துச் சொன்னா கொஞ்சம் தாங்கிக்குவாங்க.”

“வேணாம். வேற யாராவது சொல்லி பாசார்ல கேள்விப்பட்டாங்கன்னா, அடுத்த தடவை நம்ம போன எடுக்க மாட்டாங்க.”

நான் அதற்கு முன் ஒரு வக்கீல் ஆபிசில் இருந்தவள். கெட்ட செய்தியைக் கடிதத்தின் மூன்றாவது பத்தியில், மெத்தென்ற வார்த்தைகளுக்கு நடுவே வைக்கப் பழகியிருந்தேன். இங்கே அந்தப் பழக்கம் செல்லவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “குழி காலிங்க” என்று முதல் வாக்கியமாகச் சொன்னேன். சிலர் கத்தினார்கள். ஒருவர், “நீயும் சேந்துதான் திங்கிறியா?” என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் கத்தியவர்கள் எல்லாரும் மறுபடி கூப்பிட்டார்கள். “சரி, அடுத்து எங்க போடுறீங்க?” என்று கேட்டார்கள். எந்தச் சத்தமும் போடாமல், “ஓ, அப்படியா” என்று போனை வைத்த சிலர்தான் பிறகு ஆள் பிடித்துப் பங்கை விற்றுவிட்டு ஒதுங்கினார்கள். கோபப்படுகிறவர் இன்னும் நம்மோடு இருக்கிறார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அதன்பிறகு திட்டு வாங்கினால் எனக்குத் தூக்கம் கெடவில்லை.

3. மஞ்சள் கல்

விற்கச் சொன்னவர் கோலாலம்பூரில் இருந்தார். எங்கள் பங்குதாரர்களிலேயே பெரியவர். கட்டுமானப் பொருள் வியாபாரி. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆரம்பத்திலிருந்து கூடவே நின்றவர். ஒவ்வொரு முறை பணம் போடக் கேட்டபோதும் போட்டவர். இப்போது லைசென்சை அப்படியே வாங்கிக்கொள்ள ஒரு கம்பெனியைத் தேடிப் பிடித்திருந்தார். விற்றால் ஆளாளுக்குப் போட்டதில் ஒரு பகுதியாவது திரும்பி வரும் என்பது அவர் வாதம். “பொறுமைக்கும் ஒரு அளவு இருக்கு ஞானராஜ்,” என்று போனில் அவர் சொன்னதை நானும் ஸ்பீக்கரில் கேட்டேன்.

சாரின் வாதம் வேறு. கடைசியாகப் போட்டுக்கொண்டிருந்த குழி இன்னும் முடியவில்லை. அதற்கு அப்பால், மலையின் கீழ்ப்பக்கத்தில், தொடாத இடம் இருக்கிறது. மின்சாரக் கார்களால் உலகமே செம்பு கேட்கும் நேரத்தில் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதா என்பார்.

நான் எண்ணிப் பார்த்த வரையில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். தோட்டத்து மக்களின் ஓட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். அவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வதந்திகள் பறந்தன. ரிக் ஏற்கனவே விற்கப்பட்டுவிட்டது என்று ஒருவர் எழுதினார். ஞானராஜ் ஆஸ்திரேலியாவில் வீடு வாங்கிவிட்டதாக இன்னொருவர் எழுதினார்.

அந்த நேரத்தில் எங்களுக்கு ஆலோசனை சொல்ல வந்த ஒருவர் ஒரு யோசனை கொடுத்தார். சில வருடங்களுக்கு முன் ஒரு குழியில் பித்தளை நிறத்தில் பளபளவென்று ஒரு கல் கிடைத்திருந்தது. நல்ல செம்புக் கல். ஆனால் விரல் அகலம்தான். அதற்கு மேலும் கீழும் வெறும் பாறை. அதைக் கிட்டத்தில் வைத்து எடுத்த போட்டோவைப் பங்குதாரர்களுக்குப் போகும் சுற்றறிக்கையின் அட்டையில் போடச் சொன்னார். “பொய் ஒண்ணும் இல்லையே சார். நம்ம குழியில வந்த கல்லுதானே?”

சார் வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை. போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“இதப் போட்டா ஜெயிச்சிருவோம் எலிசபெத்,” என்றார்.

ஜெயித்தால் என் வேலையும் இருக்கும். அதுவும் என் மனதில் ஓடியது.

அப்போதுதான் மாடிப்படியில் சத்தம் கேட்டது. மகேஸ்வரி, கேன்டீன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். போனில் கத்தி முடியாததை நேரில் கத்த வந்திருந்தாள். ஆனால் கத்தவில்லை. மேசைமேல் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டாள்.

“அண்ணே, இது நம்ம காட்டுக் கல்லா? இவ்ளோ மஞ்சளா இருக்கே!”

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நானும் பார்த்தேன், சாரும் பார்த்தார். அவர் போட்டோவை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

“விரல் அகலம்தான் மகேஸ். கிட்ட வச்சு எடுத்ததால பெருசாத் தெரியுது. அந்தக் குழியில மத்ததெல்லாம் வெறும் கல்லு.”

அவள் முகம் அப்படியே இறங்கியது. பிறகு கோபம் ஏறியது.

“அப்போ எது நெசம், எது பொய்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரர் வித்துட்டு லோரி வாங்கலாம்னு நச்சரிக்கிறாரு. தோட்டத்து லயத்துச் சனமெல்லாம் எங்களுக்குப் பதிலா நீயே ஓட்டுப் போடுன்னு என் பேருல ப்ராக்ஸி எழுதிக் குடுத்திருச்சு. நான் என்னத்தச் சொல்லுவேன்? எனக்கு அந்தக் குழிய நேர்ல பாக்கணும்.”

“அங்க போறது ரொம்ப சுசா, கஷ்டம் மகேஸ். ரோட்டுல பாதி, ஆத்துல பாதி.”

“தோட்டத்துல பொறந்தவளுக்கு அட்டையும் சேறும் புதுசா அண்ணே? கூட்டிட்டுப் போங்க.”

சார் அவள் எதிரிலேயே கோலாலம்பூர்க்காரருக்குப் போன் போட்டார். “என் பக்கத்து ஆளு மட்டும் பாத்தா சரியா இருக்காது. உங்க ஆளையும் அனுப்புங்க,” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “நீங்களும் வாங்க எலிசபெத்,” என்றார்.

இத்தனை வருடம் அந்தக் காட்டைப் பற்றி நூறு பேருக்குப் போனில் விவரித்தவள் நான். ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை.

4. கோசோங்

கோலாலம்பூர்க்காரர் அனுப்பியது அவருடைய கணக்காளர் சுரேஷை. நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். கோத்தா கினபாலு விமான நிலையத்தில் மகேஸ்வரி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எதிர்க்கட்சியா?” என்று கேட்டாள். அவர் சிரிக்காமல், “ஆமாக்கா,” என்றார்.

மரம் ஏற்றும் லோரிகள் போகும் செம்மண் பாதையில் நான்கு சக்கர வண்டியில் போனோம். பிறகு நீளப் படகில் ஆற்றை எதிர்த்துப் போனோம். இரண்டு கரையும் சுவர் மாதிரி மரங்கள். வானம் ஒரு கோடு. இயந்திரச் சத்தம் நின்றால் காது அடைத்ததுபோல இருந்தது. கேம்ப் என்பது தார்பாய்க் கூரை போட்ட நாலைந்து பலகை மேடைகள். ரிக்கைத் துண்டு துண்டாகக் கழற்றி ஆட்கள் தோளில் சுமந்து மலைமேல் ஏற்றியிருந்தார்கள். மகேஸ்வரி அந்த ஏற்றத்தைப் பார்த்து, “இதையா தூக்கிட்டுப் போனீங்க?” என்று ட்ரில்லர் லூகாசிடம் மலாயில் கேட்டாள். லூகாஸ் அந்தப் பக்கத்து மூருட் பழங்குடி ஆள். தோளில் இருந்த தழும்பைக் காட்டினார்.

மழை பிடித்துக்கொண்டது. மழையிலேயே ரிக் ஓடியது. சார் எதிர்பார்த்திருந்த ஆழத்தை எட்டியதும் கோரை இழுத்தார்கள். இரும்புக் குழாயிலிருந்து கல்தண்டை மரப் பெட்டியில் தட்டி இறக்கினார் லூகாஸ். தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

சாம்பல் நிறம். எந்த மினுக்கமும் இல்லை. லூகாஸ் சாரைப் பார்க்காமல், “கோசோங்,” என்றார். காலி.

சார் மண்டியிட்டு, லென்ஸைக் கண்ணில் வைத்து, பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். அடுத்த பெட்டியையும் பார்த்தார். மழை அவர் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் தார்பாய்க்குக் கீழே நின்றோம். அவர் எழுந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டே எழுந்தார்.

“ஒண்ணும் இல்ல,” என்றார். “சுரேஷ், போட்டோ எடுத்துக்குங்க. எல்லாப் பெட்டியையும் எடுங்க.”

சுரேஷ் எடுத்தார். கூட்டத்தில் எங்களை முடித்துவிட அந்தப் படங்கள் போதும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

மகேஸ்வரி வெடித்தாள். “இந்தக் கல்லக் காட்டவா இவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்தீங்க? எங்க குவாரியில இதவிட நல்ல கல்லு ரோட்டுல கெடக்குதுலா!”

“தெரியும் மகேஸ்.”

“கீழ இருக்குமா? இன்னும் ஆழத்துல?”

“மலைக்குக் கீழ்ப்பக்கம் இருக்கலாம்னு நெனைக்கிறேன். இருக்குன்னு சொல்ல மாட்டேன்.”

அவள் போய்ப் பலகையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கண் விழித்தபோது ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. படகு கட்டியிருந்த மரம் பாதி தண்ணீருக்குள் நின்றது. வேரோடு மரங்கள் உருண்டு போயின. படகோட்டி தலையை ஆட்டிவிட்டார். தண்ணீர் இறங்க எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. வரும் சனிக்கிழமை ஈப்போவில் ஓட்டெடுப்புக் கூட்டம்.

அப்போதுதான் எனக்கு முழு ஆபத்தும் உறைத்தது. தோட்டத்து மக்களின் ப்ராக்ஸி எல்லாம் மகேஸ்வரி பெயரில் இருந்தது. அவள் கூட்டத்தில் நேரில் இல்லாவிட்டால் அத்தனை ஓட்டும் செல்லாது. கோலாலம்பூர்க்காரரோ ஈப்போவில் காரை விட்டு இறங்கினால் போதும். அவளைக் காட்டுக்குக் கூட்டி வந்தது நாங்கள். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது எங்களுக்கு விழக்கூடிய ஓட்டு.

லூகாஸ் வேறு வழி ஒன்று சொன்னார். மலை முகட்டைப் பிடித்து நடந்தால் மறுபக்கம் லோரிப் பாதையில் இறங்கலாம். சாட்டிலைட் போனில் வண்டியை அங்கே வரச் சொல்லலாம். ஆனால் மழைக்குப் பிறகு பாதை வழுக்கும். நடுவில் ஓர் ஓடையும் உண்டு.

சார் மகேஸ்வரியிடம், “நான் உன்னக் கட்டாயப்படுத்த மாட்டேன். உயிரவிட ஓட்டுப் பெருசில்ல,” என்றார்.

“என் உயிரப் பத்தி எனக்குத் தெரியும். நடங்க,” என்றாள்.

நடந்தோம். ஓர் இடத்தில் மலைச்சரிவு பாதையை அப்படியே வழித்துக்கொண்டு போயிருந்தது. வேர்களைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கடந்தோம். கீழே பார்க்காதீர்கள் என்று லூகாஸ் சொன்னார், நான் பார்த்தேன். ஓடை இடுப்பளவு வந்திருந்தது. குறுக்கே விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல்தான் போக வேண்டும். நான் உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தேன். எனக்குப் பின்னால் வந்த மகேஸ்வரிக்குப் பாதி வழியில் கால் வழுக்கியது. ஒரு கால் தண்ணீருக்குள் போய்விட்டது. அவளுக்குப் பின்னால் வந்த சுரேஷ் மரத்தில் குப்புறப் படுத்து, அவள் இடுப்புத் துணியையும் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். லூகாஸ் திரும்பி வந்து இழுக்கும்வரை விடவில்லை.

கரையில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது அவளுடைய முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

“தம்பி, நான் இங்கயே கெடந்தா உங்க மொதலாளிக்கு நல்லதுதானே? எதுக்குப் புடிச்சீங்க?” என்று கேட்டாள்.

“வந்து எதிர்த்து ஓட்டுப் போடுங்கக்கா. ஆனா வாங்க. நீங்க இல்லாம நாங்க ஜெயிச்சா எனக்குத் தூக்கம் வராது,” என்றார் சுரேஷ்.

அதன்பிறகு அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். லோரிப் பாதையை அடைந்தபோது சேறும் ரத்தமுமாக எங்களை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் யார் பக்கம் ஓட்டுப் போடப் போகிறாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

5. சனிக்கிழமை

ஈப்போ பழைய டவுனில் ஒரு சங்கத்தின் மண்டபம். நாற்காலி போதாமல் பின்னால் ஆட்கள் நின்றார்கள். கோலாலம்பூர்க்காரர் மலாயில் சுருக்கமாகப் பேசினார். யாரையும் தாக்கவில்லை. சுரேஷ் எடுத்த படத்தைத் திரையில் போட்டார். மண்டபம் முழுக்கச் சாம்பல் நிறக் கல்.

“இதுதான் கடைசிக் குழி. இந்தப் படம் பொய்யா என்று ஞானராஜ் சொல்லட்டும்,” என்றார்.

சார் எழுந்தார். “பொய் இல்லை. நானும் பார்த்தேன். குழி காலி,” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நான் நினைத்தேன். என் மேசையைக் காலி செய்ய எத்தனை பெட்டி வேண்டும் என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

மகேஸ்வரி முழங்காலில் கட்டுடன் முன்னால் போனாள். தமிழில்தான் பேசுவேன் என்றாள். நான் பக்கத்தில் நின்று மலாயில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

“எனக்குச் செம்பப் பத்தி ஒண்ணும் தெரியாது. சோறாக்கத் தெரியும். இவங்க ஆபிசுல ஒரு போட்டோ வச்சிருந்தாங்க. நல்லா மஞ்சளா இருந்துச்சு. அத நம்மகிட்ட காட்டி ஓட்டு வாங்கியிருக்கலாம். ஞானராஜ் அண்ணே கவுத்து வச்சுட்டாரு. அப்புறம் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க கல்லு காலி. எதிர்க்கட்சி ஆளு முன்னாலயே காலின்னு சொன்னாரு. எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்கன்னு அவரே சொன்னாரு. இந்தா திரையில இருக்கே, இது அவரு எடுக்கச் சொன்ன போட்டோ. இல்லாதத இல்லன்னு சொல்ற ஆளு என்னிக்காவது இருக்குன்னு சொன்னா, அன்னிக்கு நான் நம்பலாம்.”

யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“இருங்க, முடிக்கல. அண்ணே, அதுக்காக நாங்க சாகுற வரைக்கும் காத்திருக்க முடியாது. கோலாலம்பூர் ஐயா கேக்குறதும் நியாயம்தான். இன்னும் எத்தன குழின்னு இங்கயே சொல்லுங்க. அதுலயும் இல்லன்னா, விக்கலாம்னு நீங்களே இதே எடத்துல வந்து நின்னு சொல்லணும்.”

சார் எழுந்து நின்றார்.

“ரெண்டு குழி,” என்றார். “அதுலயும் இல்லன்னா நானே சொல்றேன்.”

ஓட்டு எண்ணினார்கள். விற்கும் தீர்மானம் கொஞ்ச வித்தியாசத்தில் தோற்றது. கோலாலம்பூர்க்காரர் வந்து சாரின் கையைக் குலுக்கினார். “ரெண்டு குழி. நான் மறக்க மாட்டேன்,” என்றார். மகேஸ்வரி சுரேஷிடம், “கேன்டீனுக்கு வாங்க தம்பி, மீன் கறி போடுறேன்,” என்றாள்.

6. ரெண்டு குழி

முதல் குழி காலி.

அன்றே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். இந்த முறை கத்தியவர்கள் குறைவு. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. மகேஸ்வரி, “ஒண்ணு போச்சு,” என்று மட்டும் சொன்னாள். அவளை நம்பி ஓட்டைக் கொடுத்தவர்கள் இப்போது அவளைக் கேன்டீனில் வந்து கேட்கிறார்கள் என்று அவள் கணவர் மூலம் எனக்குத் தெரிந்தது. எனக்கு அடித்த போன் இப்போது அவளுக்கும் அடிக்கத் தொடங்கியிருந்தது என்று சொல்லலாம்.

இரண்டாவது குழி, மலையின் கீழ்ப்பக்கத்தில். அது பாதியை எட்டிய ஒரு நாள் சார் காட்டிலிருந்து கூப்பிட்டார். அவர் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. அவர் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

“சார், எதுவா இருந்தாலும் லேப் ரிசல்ட் வராம என்கிட்ட சொல்லாதீங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சுல என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாங்க. யாராவது அவசரத்துல பங்க விப்பாங்க, யாராவது வாங்குவாங்க. தெரியாதுன்னு நான் சொன்னா அது நெசமா இருக்கணும்.”

“சரி, சொல்லல,” என்று வைத்துவிட்டார்.

லேப் ரிசல்ட் வர வாரக்கணக்கில் ஆனது. என் பணிக்காலத்தில் அதைவிட நீண்ட காலம் எதுவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் “தெரியாது” என்றேன். நம்பாதவர்கள் உண்டு. பாசாரில் ஒரு பெண், “உங்களுக்குத் தெரியாம எப்படி இருக்கும்?” என்று கையைப் பிடித்துக் கேட்டாள். தெரியாமலிருக்க நான் என்ன பாடுபட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ரிசல்ட் வந்தது. செம்பு இருந்தது. விரல் அகலம் இல்லை. நல்ல கனம், நல்ல நீளம். ஆனால் மிக ஆழத்தில். அன்று மாலையே சார் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: இதைத் தோண்டி எடுக்கும் சக்தி நமக்கு இல்லை, பெரிய கம்பெனி ஒன்று கூட்டுச் சேர்ந்தால்தான் முடியும், அப்படிச் சேர்ந்தால் நம் பங்கு சுருங்கும், சுரங்கம் என்று ஒன்று வர இன்னும் வருடங்கள் ஆகலாம், வராமலும் போகலாம். “இருக்குன்னு சொல்லும்போது இதையும் சேத்துச் சொல்லணும் எலிசபெத். மொதல்ல சந்தோஷத்த சொல்லிட்டு அப்புறம் இத இழுக்காதீங்க.”

பிறகு அப்படித்தான் நடந்தது. பெரிய கம்பெனி வந்தது. எங்கள் பங்கு சுருங்கியது. கோலாலம்பூர்க்காரர் விற்காமல் கூடவே நின்றார். சிலர் கிடைத்த விலைக்குப் பாதியை விற்றுப் பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். அவர்கள் செய்ததும் சரிதான். மகேஸ்வரியின் கணவர் லோரி வாங்கவில்லை. நான் போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். சுரங்கம் இன்னும் வரவில்லை.

இந்த வேலைக்கு இப்போது இன்வெஸ்டர் ரிலேஷன்ஸ் என்று பெயர். கோட் போட்ட பிள்ளைகள் செய்கிறார்கள். அவர்களில் சிலர், பங்குதாரர்களை இவ்வளவு காலம் பொறுமையாக எப்படி வைத்திருந்தீர்கள் என்று என்னைக் கேட்கிறார்கள். நான் வைத்திருக்கவில்லை. வைத்திருக்கவும் முடியாது. பொறுமை அவர்களுடையது, எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். கெட்ட செய்தி வந்த ஒவ்வொரு நாளும் அவர்கள் அதை எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பை மறைக்காமல் கையில் கொடுத்ததுதான் நான் செய்த வேலை. கொடுத்தபிறகும் அவர்கள் நின்றால், அது அவர்கள் எடுத்த முடிவு.

ரிசல்ட் வந்த அந்த மாலை நான் முதலில் கூப்பிட்டது மகேஸ்வரியை. என் பணிக்காலத்தில் நல்ல செய்திக்காக நான் போட்ட முதல் போன் அது. கேன்டீனில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இருக்கிறது என்றேன், ஆழம் என்றேன், பெரிய கம்பெனி, சுருங்கும் பங்கு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் துள்ளவில்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

“சரிக்கா. இன்னும் எத்தன வருஷம் ஆகும்னு அண்ணே சொன்னாரு?”

“தெரியாதுன்னு சொன்னாரு.”



“அப்ப சரி,” என்றாள்.